அரை மூச்சு முன்னால் பாடியவள்

எப்போதும் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கிற என் ஜொஹரா லாத்தாவுக்கு,

சலாம். உன் பெயர் சுவரில் ஏறிவிட்டது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். எந்தக் கதையைச் சொன்னாலும் நீ முடிவைத்தான் முதலில் கேட்பாய். ஆனால் பெயர் ஏறிய பிறகு நம் சந்தில் நடந்தது வேறு. அதை உன்னிடம் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை.

புகழ்ச் சுவர் திறந்ததற்கு ஒரு மலர் போடுகிறார்கள். சுவரை வைத்த ராமநாதன் அண்ணன் உன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார். எனக்குக் கட்டுரை எழுத வராது. யாராவது எதிரில் இருப்பதாக நினைத்துக்கொண்டால் கொஞ்சம் வரும். அதனால் உனக்கே எழுதுகிறேன். மற்றவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளட்டும்.

அவர்களுக்காக நீ யார் என்று சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள். நீ என் அக்கா. வாப்பாவின் வாப்பா காரைக்காலிலிருந்து சைகோனுக்குத் துணி விற்க வந்தவர். ஆட்சி மாறியதும் கடை போயிற்று. போக முடிந்தவர்கள் போனார்கள். நம் குடும்பம் அதே ஊரில் சோலோன் பகுதியில் ஒரு சந்துக்குள் தங்கிவிட்டது. நீ படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் பாடப் போனாய். நான் பட்டம் வாங்கி, பின்யுவோங் என்ற பக்கத்து மாகாணத்தில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி என்று உம்மா என்னைப் பற்றிச் சந்து முழுக்கச் சொன்னார்கள். உன்னைப் பற்றிக் கேட்டவர்களுக்கு, ஏதோ ஆபீஸில் வேலை என்றார்கள். பெண்பிள்ளை பாடுகிறாள் என்று சொல்ல உம்மாவுக்கு வாய் வரவில்லை.

நீ பாடியது கரோக்கி தட்டுகளுக்கு. திரையில் வார்த்தைகள் நிறம் மாறிக்கொண்டு ஓடும்போது, இசைக்கு அடியில் மெல்லியதாக ஒரு குரல் வரும், பாட்டு சரியாகத் தெரியாதவன் பிடித்துக்கொண்டு போக. மெஷினில் ஒரு பொத்தானை அழுத்தினால் அந்தக் குரல் வரும். இன்னொரு தரம் அழுத்தினால் போய்விடும். அந்தக் குரல் நீ. எல்லாம் வியட்நாமியப் பாட்டுகள், ஆற்றையும் மழையையும் விட்டுப்போனவர்களையும் பற்றியவை. தட்டின் உறையில் உன் பெயர் கிடையாது.

ஸ்டுடியோ நடத்திய அம்மா முதல் நாளே உனக்குச் சொல்லிக்கொடுத்ததை நீ என்னிடம் நடித்துக் காட்டினாய். குரலை வளைக்காதே, அழாதே, இழுக்காதே. அரை மூச்சு முன்னால் வா. பாடுகிறவன் வாய்க்கு வருவதற்கு முன் வார்த்தை அவன் காதுக்குப் போயிருக்க வேண்டும்.

அது உனக்குப் பழக்கமாகிப் போனது. உம்மா தண்ணீர் கேட்க வாயைத் திறப்பதற்குள் தம்ளர் வந்து நிற்கும். நான் கேள்வியை ஆரம்பிக்கும்போதே பதில் வரும். நான் சிரிப்பேன். உம்மாவுக்குப் பிடிக்காது. இப்படி முந்தாதே, நல்லதில்லை என்பார்கள். போன மழைக்காலத்துக்கு முந்திய மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்கு நீயாகத்தான் நடந்து போனாய், திரும்பி வரவில்லை. உம்மா சொன்னதை நான் இப்போது நினைத்துப் பார்க்காமல் இருக்க முயல்கிறேன்.

உன் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடித்துப் பெண்கள் கலைந்த நேரம். வெளிச்சம் இன்னும் முழுக்கப் போகவில்லை. உம்மா தாம்பாளத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டு சூ பா பழையபடி சக்கரம் வைத்த ஸ்பீக்கர் பெட்டியை வாசலுக்கு உருட்டிக்கொண்டு வந்தார். மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கிறவர். பாடத் தெரியாது, பாடாமலும் இருக்க முடியாது. துக்க வீடு என்று நமக்காக அத்தனை நாளும் பெட்டியைத் தொடாமல் இருந்தவர். இசை ஆரம்பித்தது. அவர் மூச்சை இழுப்பதற்குள் ஒரு பெண்குரல் முதல் வார்த்தையைச் சொன்னது.

உம்மா தாம்பாளத்தைக் கீழே வைத்தார்கள். "வந்துட்டா" என்றார்கள். சாதாரணமாக, நீ வேலையிலிருந்து திரும்பும்போது சொல்கிற மாதிரி.

நான் வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். சூ பா பிளாஸ்டிக் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வார்த்தையும் அவர் உதட்டுக்கு வருமுன்பே சந்தில் வந்து நின்றது. அவர் பின்னாலேயே போனார். நீ உயிரோடு இருந்தபோதும் இப்படித்தானே இருந்திருக்கும்? அப்போது ஏன் எனக்குக் கேட்கவில்லை?

அதன் பிறகு கேட்காத இடமில்லை. தொழிற்சாலையில் வருடக் கடைசி விருந்தில் தையல் பிரிவுப் பெண் ஒருத்தி மைக்கைப் பிடித்தாள். அவளுக்கு முன்னால் நீ. பஸ் சிக்னலில் நிற்கும், ஏதோ ஒரு வீட்டிலிருந்து பாதி வரி வரும், நீ. ஒரு ஞாயிறு சாயங்காலம் நம் சந்திலும் பின்சந்திலும் ஒரே நேரத்தில் இரண்டு பேர் இரண்டு பாட்டுப் பாடினார்கள். இரண்டிலும் நீ இருந்தாய். நான் நடுவில் சமையலறையில் நின்றேன். இதில் எது நீ என்று கேட்க வேண்டும் போல் இருந்தது. யாரிடம் கேட்பது?

உம்மா அந்தி சாய்ந்தால் வாசலில் போய் உட்கார ஆரம்பித்தார்கள். நீ பாடுவதற்கு நடுவில் "ம்" கொட்டுவார்கள். ஒரு நாள் "இதோ வர்றேம்மா" என்று அவர்கள் உனக்குப் பதில் சொன்னதை நான் கேட்டேன். அன்றைக்கு நான் போய் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவர்களுக்கு இரவுச் சாப்பாடு குறைந்தது. கேட்டால், அவ இன்னும் சாப்பிடலையே என்றார்கள்.

முதலாம் டிஸ்ட்ரிக்டில், பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் ராமநாதன் அண்ணனின் ஹோட்டல் மாடியில் இந்தப் புகழ்ச் சுவர் ஏற்பாடு நடப்பதை நான்தான் உம்மாவிடம் சும்மா சொன்னேன். இந்த ஊரில் வாழ்ந்து மறைந்த தமிழ்ப் பாட்டுக்காரர்கள், வாத்தியக்காரர்கள் படங்களை மாட்டப் போகிறார்கள் என்று. யார் யார் படம் என்று உம்மா கேட்டார்கள். பிறகு சொன்னார்கள்: "நாந்தான் அவ பேர மறச்சேன். பேரில்லாம தெருத்தெருவா நிக்கிறா. ஒரு எடத்துல அவ பேர எழுதி வெச்சா அங்க போய்ச் சேந்துடுவா. நீ போய்ப் பேசு."

பேசு என்றார்கள். என்னை. கடையில் மீதிச் சில்லறை குறைந்தால்கூடக் கேட்காமல் வருகிற என்னை.

போனேன். தேர்வுக்குழு மூன்று பேர். ராமநாதன் அண்ணன் செட்டிநாட்டுக் குடும்பம், சுவர் அவருடையது. ஹமீது மாமா நம் காரைக்கால் ஆள், அந்தக் காலத்தில் ஹோட்டல் பேண்டுகளில் அக்கார்டியன் வாசித்தவர். மூன்றாவது பத்மா அக்கா, சென்னையிலிருந்து வந்து பிள்ளைகளுக்குக் கர்நாடக சங்கீதம் சொல்லித்தருகிறவர். இறந்தவர்களை மட்டும்தான் ஏற்றுவது என்று முதலிலேயே முடிவு செய்திருந்தார்கள். உயிரோடு இருப்பவர்களை ஏற்றினால் அடுத்த வாரம் சுவரே இருக்காது என்றார் ராமநாதன் அண்ணன். அப்படியானால் தன்னிடம் இருக்கிற குறை இது ஒன்றுதான், அதையும் சீக்கிரம் சரிபண்ணிவிடுகிறேன் என்றார் ஹமீது மாமா.

கோயில் திருவிழாக்களில் நாகஸ்வரம் வாசித்தவர் சண்டையில்லாமல் தேர்வானார். ஹோட்டல் பேண்டில் டிரம்ஸ் வாசித்த ஒருவருக்காக ஹமீது மாமா மேசையைத் தட்டி வாதாடினார், வென்றார். ஏசிக்குக் கீழே தண்ணீர் சொட்டும், அங்கே யாரையும் மாட்ட முடியாது. அதனால் மீதி ஒரே ஓர் இடம். அதற்கு நவராத்திரிதோறும் கோயிலில் பாடிய ஓர் அம்மாளை பத்மா அக்கா சொன்னார். நான் உன்னைச் சொன்னேன். சத்தமா சொல்லும்மா என்று ராமநாதன் அண்ணன் கேட்டு, நான் மறுபடி சொன்னேன்.

தமிழில் ஒரு பாட்டுகூடப் பாடாதவளை எப்படிச் சேர்ப்பது என்பது முதல் கேள்வி. டிரம்ஸ் எந்த மொழியில் வாசித்தார் என்று ராமநாதன் அண்ணன் கேட்டதில் அது முடிந்தது. மேடை ஏறாதவள், முகம் தெரியாதவள், யாரோ பாடுவதற்குத் துணை வந்தவள், இவளைக் கலைஞர் என்று சொல்லலாமா என்பது இரண்டாவது. பக்கவாத்தியக்காரர்களுக்கு மட்டும் இடம் உண்டா என்று ஹமீது மாமாவே கேட்டார். நான் வாயைத் திறக்காமலே கொஞ்ச தூரம் வந்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அவர்களுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. யாரைப் பற்றிப் பேசினாலும் அவருடைய சத்தத்தை ஒரு தடவை போட்டு, மூன்று பேரும் பேசாமல் கேட்க வேண்டும். ராமநாதன் அண்ணன் கரோக்கி மெஷினை இணைத்தார். நான் கொண்டுபோன தட்டைப் போட்டார். இசை வந்தது. அடியில் நீ வந்தாய். அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்கள்.

லாத்தா, உன்னைத் தனியாகக் கேட்டால் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. யாரும் இல்லாத வீட்டுக்குள் ஒருத்தி பேசிக்கொண்டு நடக்கிற மாதிரி இருந்தது.

"குரல் நல்லாருக்கு புள்ள, தாளத்துல நிக்கலையே" என்றார் ஹமீது மாமா. "ஒவ்வொரு அடியும் முந்துது. பஸ்ஸைப் புடிக்க ஓடுறவ மாதிரி."

"ஃபீலிங்கே இல்லையே. ரொம்ப பிளெயினா இருக்கு" என்றார் பத்மா அக்கா. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உண்மையில் அப்படித்தான் கேட்டது.

இது தனியாகக் கேட்பதற்கு இல்லை, கூட ஒருவர் பாட வேண்டும் என்று சொன்னேன். யார் பாடுவது? பத்மா அக்காவுக்கு வியட்நாமிய மொழி வராது. தான் பாடினால் கீழே சாப்பிடுகிறவர்கள் பாதியில் எழுந்து போவார்கள் என்றார் ராமநாதன் அண்ணன். ஹமீது மாமாவுக்கு மூச்சு வாங்கும். மைக் சுற்றிச் சுற்றி என் கைக்கு வந்தது.

நான் எழுந்து நின்றேன். எதுவும் ஞாபகம் இல்லை. திரையைப் பார்க்கவும் பயமாக இருந்தது. இசை வந்தது, பிறகு என் காதுக்குப் பக்கத்தில் முதல் வார்த்தை வந்தது. அதை எடுத்துக்கொண்டேன். அடுத்ததை வைத்தாய், எடுத்துக்கொண்டேன். உன் வார்த்தைக்கும் என் வார்த்தைக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருந்தது. அதற்குள் நீ மூச்சு விடுவது கேட்டது. நீ முந்தவில்லை. நான் வருவதற்கு இடம் விட்டுக்கொண்டு போனாய்.

அந்தத் தட்டுகளில் உன் குரல் முதல் சரணம் வரைக்கும்தான். இரண்டாவதற்குள் பாடுகிறவனுக்குப் பழகிவிடும் என்று ஸ்டுடியோவில் அத்தோடு நிறுத்திவிடுவார்கள். நீயே சொல்லியிருக்கிறாய். எனக்குத் தெரியும். ஆனாலும் நான் நிற்கவில்லை. இரண்டாம் சரணத்திலும் வார்த்தைகள் வந்தன. எப்படி வந்தன என்று என்னைக் கேட்காதே.

பாட்டு முடிந்தபோது ஹமீது மாமாவின் விரல்கள் மேசைமேல் தாளத்தில் இருந்தன. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "கடைசியில நீயும் முந்துனே, புள்ள" என்றார்.

பத்மா அக்கா முழங்கையைத் தேய்த்துக்கொண்டு ஏசியைக் குறைக்கச் சொன்னார். பிறகு, "செகண்ட் சரணத்துல அவங்க குரலும் வந்துது இல்ல? சன்னமா?" என்றார். ராமநாதன் அண்ணன் பாட்டைப் பின்னால் நகர்த்தி இரண்டாம் சரணத்தை மறுபடி போட்டார். இசை மட்டும் ஓடியது. கடைசி வரை ஓடவிட்டார். கீழே யாரோ சாம்பார் கேட்டுக் கூப்பிட்டது தெளிவாகக் கேட்டது.

பத்மா அக்கா தானாகவே தான் சொன்ன கோயில் அம்மாளை அடுத்த வருடத்துக்கு ஒத்திவைத்துவிட்டார். ஹமீது மாமா, "ஜொஹரான்னு எழுது, பாடகின்னு போடு" என்றார்.

உன் படத்தை மாட்டிய அன்று உம்மா வரவில்லை. போனில் காட்டினேன். படத்தைப் பார்க்காமல் அடியில் இருந்த எழுத்தை விரலால் தொட்டார்கள். திரை நகர்ந்துவிட்டது. மறுபடி கொண்டுவந்து காட்டினேன். பிறகு போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு நேராக எதிர்வீட்டுக்குப் போய் சூ பாவின் மனைவியிடம் நீட்டினார்கள். என் மூத்த மகள், பாடகி, நீங்கள் பாடும்போது கூட வருகிற குரல் இவளுடையதுதான் என்றார்கள். இத்தனை வருடம் சொல்லாததை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, போன உயிர் திரும்பிய மாதிரி வந்து உட்கார்ந்தார்கள். அன்றைக்கு இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார்கள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அன்று அந்தியில் சூ பா பாடினார். அவர் மட்டும்தான் பாடினார்.

மெஷினில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். மறுநாள் மூலைவீட்டுக்காரர் பாடினார், அங்கேயும் நீ இல்லை. அந்த வாரத்துக்குள் சந்து முழுக்க நீ இல்லாமல் போனாய். இப்போது நம் சந்தில் பாட்டு தடுமாறுகிறது. வார்த்தையைத் தவறவிடுகிறார்கள், சிரிக்கிறார்கள், பாதியில் விட்டுவிட்டுப் பெட்டியை உள்ளே உருட்டுகிறார்கள். பின்சந்திலும் நீ இல்லை, அங்கேயும் செய்தி போயிருக்க வேண்டும்.

போய்ச் சேந்துட்டா என்று உம்மா சொன்னார்கள். அவர்கள் கேட்டது அதுதானே? ஆனால் நான் கதவைச் சாத்தப் போனால், சாத்தாதே என்கிறார்கள். வாசலில் உட்காருகிறார்கள். "ம்" கொட்ட எதுவும் இல்லை. வெறும் காற்றுக்குத் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தட்டில் சோறு அப்படியே இருக்கிறது.

நேற்றுக் காலை சூ பாவிடம் போனேன். நானாகப் போய் ஒருவரிடம் பேசியது எனக்கே ஆச்சரியம். ஒரு வண்டியின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். வாசலுக்கு உள்ளே ஸ்பீக்கர் பெட்டி இருந்தது. அதன் மேல் ஒரு சின்னத் தட்டில் ஆரஞ்சுப் பழங்கள், இங்கே இறந்தவர்களுக்குப் படைக்கிற மாதிரி. பக்கத்தில் ஊதுவத்தி எரிந்து முடிந்த சாம்பல்.

உன் குரலை ஏன் நிறுத்தினீர்கள் என்று நான் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்து அவரே சொன்னார். அவருடைய மொழியில் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன்.

"தப்பா நினைக்காதே பிள்ளை. உன் அக்கா மேல மரியாதை இல்லாம இல்ல. அவ முன்னால போறா, நாங்க பின்னால போறோம். இத்தனை நாளா உயிரோட இருக்கிற யாரோன்னு நெனச்சுப் போனோம். இப்ப தெரிஞ்சுபோச்சு. செத்தவ எங்க கூட்டிக்கிட்டுப் போறான்னு யாருக்குத் தெரியும்?"

நீ இருந்தால் அவர் சொல்லி முடிப்பதற்குள் பதில் சொல்லியிருப்பாய். வீட்டுக்கு வந்து, மெஷின் கெட்டுப்போச்சாம் என்று உம்மாவிடம் சொன்னேன். உம்மா என்னைப் பார்த்துவிட்டுச் சமையலறைக்குள் போனார்கள்.

அவர் சொன்னதை நேற்று முழுக்க யோசித்தேன். பொய் என்று தள்ள முடியவில்லை, லாத்தா. அந்த மாடியில் இரண்டாம் சரணத்தில் நான் எங்கே போய்க்கொண்டிருந்தேன் என்று எனக்குத் தெரியாது. குளிராக இருந்தது. பயமாக இல்லை. பயமாக இல்லாததுதான் பிறகு பயமாக இருந்தது. பாட்டு இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருந்தால்?

ஆனால் பாட்டு முடிந்தது. நான் மைக்கை மேசைமேல் வைத்தேன். கீழே இறங்கி டீ குடித்தேன். பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். சூ பாவுக்குச் சொல்ல என்னிடம் இருக்கிற பதில் இவ்வளவுதான். இதை வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? கண்ணால் பார்த்தால் நம்புவார்கள்.

அதனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். வருகிற ஞாயிறு மழை இல்லாவிட்டால் சூ பா பெட்டியை வெளியே உருட்டுவார். நான் போய், உன் குரல் வருகிற அந்தப் பொத்தானை அழுத்துங்கள் என்று கேட்பேன். முதல் தரம் என் வாயிலிருந்து சத்தம் வராவிட்டால் இரண்டாம் தரம் கேட்பேன். மைக்கை நானே வாங்கிக்கொள்வேன். சந்து முழுக்க வாசலில் நின்று பார்க்கட்டும். நீ எப்போதும்போல் முன்னால் போ. நான் உன் பின்னாலேயே வருவேன், ஒரு வார்த்தைகூட விடாமல். பாட்டு முடிகிற இடத்தில் நான் நின்றுவிடுவேன். நீ நிற்காமல் போனாலும் நான் நிற்பேன், திரும்பிவிடுவேன். உம்மாவுக்குச் சோறு போட வேண்டும்.

உனக்குப் பின் பிறந்தவள்,
ஆமினா